காற்றில் தொங்கும் வேருக்கு எவ்வளவு புளிப்பு?

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் பன்னிரண்டு துளைகள். ஆறு துளைகளில் பாலக்கீரை, மற்ற ஆறில் புதினா. மூடியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் உள்ளே மண் இல்லை, மணல் இல்லை, தென்னை நார்க் கழிவும் இல்லை. வெள்ளை வேர்கள் முனிவர் தாடிபோல் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். பெட்டியின் அடியில் 20 லிட்டர் உப்புக் கரைசல். ஒரு சிறிய பம்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்துக்கொண்டு, அந்தக் கரைசலைச் சில விநாடிகள் பனித்துளியாக வேர்களின்மேல் தூவிவிட்டு மீண்டும் தூங்கிவிடும். இந்த முறைக்கு ஏரோபோனிக்ஸ் என்று பெயர். 'காற்றில் வேர் வளர்ப்பு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

முதன்முதலில் இந்தப் பெட்டியை அமைத்தபோது நான் செய்த தவற்றிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. மூன்றாம் வாரம் பாலக்கீரையின் புதிய இலைகள் மஞ்சளாக வெளிவந்தன. நரம்புகள் மட்டும் பச்சைக் கோலம் போட்டதுபோல் தெரிந்தன. இடையிலிருந்த பகுதியெல்லாம் எலுமிச்சை நிறம். இரும்புச் சத்துக் குறைவு என்று புத்தகம் சொன்னது. நான் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன். மஞ்சள் கூடியது. மறுபடியும் போட்டேன். இன்னும் கூடியது. கடைசியில் பெட்டியைக் கழுவலாம் என்று கரைசலை வடித்தபோது அடியில் துருநிற வண்டல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நான் போட்ட இரும்பு முழுவதும் அங்கேதான் இருந்தது. பானை நிறையச் சோறு இருந்தும் வீட்டில் இருப்பவர்கள் பட்டினி!

ஏன் இப்படி ஆயிற்று? இதற்கு விடை காண, செடி எதை உண்கிறது என்பதையும், அந்த உணவு எந்த நிலையில் இருந்தால் வேருக்குள் நுழையும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதினா சொன்ன முதற் பாடம்

1699ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் புதினாச் செடிகளைத் தண்ணீரில் வளர்த்துப் பார்த்தார். சில குடுவைகளில் மழைநீர், சிலவற்றில் தேம்ஸ் நதிநீர், சிலவற்றில் லண்டன் ஹைடு பூங்காவின் கால்வாய் நீர், ஒன்றில் அந்நீருடன் தோட்டத்து மண்ணையும் கலந்திருந்தார். மழைநீரில் இருந்த செடி நோஞ்சானாகவே இருந்தது. மண் கலந்த நீரில் இருந்தது கொழுத்து வளர்ந்தது. தண்ணீர் மட்டுமே செடிக்குப் போதும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். அந்த நம்பிக்கையை ஒரு புதினாக் கிளை அசைத்துவிட்டது. நீருடன் வரும் ஏதோ ஒன்றும் செடிக்குத் தேவை என்பது தெளிவாயிற்று.

அந்த 'ஏதோ ஒன்று' எது என்று பட்டியலிட மேலும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1860களில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்னும் இருவர், மண்ணே இல்லாமல் சில உப்புகளை மட்டும் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினர். 1938இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹோக்லண்டும் ஆர்னனும் ஒரு கரைசலை வகுத்தளித்தனர். இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் 'ஹோக்லண்டு கரைசல்' என்ற பெயரில் அது வழங்குகிறது. நம் நாட்டில் 1946இல் வங்காளத்து மலைநகரான காலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் மண்ணில்லா வளர்ப்பைத் தொடங்கி, எளியவர்களும் செய்யத்தக்க ஒரு முறையை உருவாக்கினார். வேரைக் காற்றில் தொங்கவிடும் எண்ணம் 1940களில் தோன்றியது. வேரை எளிதாகப் பார்த்து ஆராயலாம் என்பதுதான் அதன் தொடக்க நோக்கம். 1957இல் பிரிட்ஸ் வென்ட் அதற்கு ஏரோபோனிக்ஸ் என்று பெயர் சூட்டினார்.

பதினான்கு பேர் விருந்து

செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் பதினேழு. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைத்துவிடுகின்றன. மற்றப் பதினான்கும் வேர் வழியே வர வேண்டும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், கந்தகம் ஆகிய ஆறும் அதிகமாகத் தேவை. இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டும் மிகச் சிறு அளவிலேயே தேவை. ஆயினும் இவற்றில் எது இல்லாவிட்டாலும் செடி பிழைக்காது.

ஹோக்லண்டு கரைசலில் ஒரு லிட்டருக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். கால்சியம் நைட்ரேட் 1.18 கிராம், வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் 0.51 கிராம், பேதியுப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட் 0.49 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.14 கிராம். இந்த நான்கு உப்புகளே ஆறு பெருந் தனிமங்களையும் தந்துவிடுகின்றன: நைட்ரஜன் 210 மில்லிகிராம், பொட்டாசியம் 235, கால்சியம் 200, கந்தகம் 64, மெக்னீசியம் 49, பாஸ்பரஸ் 31. சிறு தனிமங்களில் போரானும் மாங்கனீசும் அரை மில்லிகிராம் போதும். மாலிப்டினம் ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு! கீரை வகைகளுக்கு இந்தக் கரைசலில் பாதிச் செறிவே போதுமானது. என் பெட்டியிலும் பாதிச் செறிவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலை மிச்சம் என்று எல்லா உப்புகளையும் செறிவான ஒரே கரைசலாகக் கலந்து வைத்துவிடாதீர்கள். கால்சியமும் சல்பேட்டும் செறிவாகச் சந்தித்தால் ஜிப்சம் ஆகிவிடும். கால்சியமும் பாஸ்பேட்டும் சந்தித்தால் கால்சியம் பாஸ்பேட். நம் எலும்பில் இருக்கும் சரக்கின் உறவுதான். இரண்டும் நீரில் எளிதில் கரையாதவை. வெள்ளைப் பொடியாக அடியில் இறங்கும். நாசிலின் நுண்துளையை அடைக்கும். நாசில் அடைத்தால் மண்ணில் நிற்கும் செடியைப்போல் ஏரோபோனிக்ஸ் செடி இரண்டு நாள் பொறுத்திருக்காது. மே மாத வெயிலில் ஓரிரு மணி நேரத்திலேயே தலை சாய்த்துவிடும். எனவே கால்சியம் நைட்ரேட்டை ஒரு பாட்டிலிலும், சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் மற்றொரு பாட்டிலிலும் கரைத்து வைத்து, பெட்டியில் நீரை நிரப்பிய பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஊற்ற வேண்டும். நீர்த்த நிலையில் அவை சண்டையின்றிச் சேர்ந்திருக்கும்.

ஒன்று குறைந்தால் என்ன? ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் இதற்கு ஒரு விதியைப் பரப்பினார். அவருக்கு முன்பே ஷ்ப்ரெங்கல் அதைச் சொல்லியிருந்தார். எந்தச் சத்து மிகக் குறைவோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்பதே அவ்விதி. மற்றவற்றை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. கொட்டினால் தீங்கும் உண்டு. பொட்டாசியம் மிகுந்தால் வேர் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் உறிஞ்சுவது தடைப்படும். கரைசலில் மெக்னீசியம் போதிய அளவு இருக்கும்; செடியிலோ பற்றாக்குறை தெரியும். சமநிலை என்று சொல்வது இதைத்தான்: ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்பதோடு, ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்பதையும் பார்க்க வேண்டும்.

எந்தச் சத்துக் குறைவு என்பதை இலை சொல்லும். நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் மாறக் கூடியவை. குறைவு ஏற்பட்டால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். எனவே பழைய இலைகளில் முதலில் அடையாளம் தெரியும். இரும்பும் கால்சியமும் போன இடத்திலேயே உட்கார்ந்துவிடுபவை. அவை குறைந்தால் புதிய தளிர்களே வாடும். என் கீரையில் புதிய இலைகள் மஞ்சளானதற்குக் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

ஆரத்தித் தட்டும் பி.எச். அளவும்

ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது? மஞ்சள் தூள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தவுடன் மஞ்சள் போய்க் குங்கும நிறம் வருகிறது. சுண்ணாம்பு காரம், காரத்தைக் கண்டால் மஞ்சள் சிவக்கும். நம் பாட்டிமார் தினசரி பயன்படுத்திய நிறங்காட்டி இது.

அமிலமா காரமா என்பதை எண்ணால் குறிக்கும் வழியை 1909இல் டென்மார்க்கில் ஸோரன்ஸன் என்பவர் வகுத்தார். கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். நீரில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு உள்ளன என்பதைப் பி.எச். என்னும் எண் காட்டுகிறது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 7இலிருந்து 6க்கு வந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகின்றன. 5க்கு வந்தால் நூறு மடங்கு. எண்ணில் ஒரு படி இறங்குவது சிறிதாகத் தோன்றும். வேருக்கு அது பெரிய மாற்றம்.

பெரும்பாலான பயிர்களுக்குக் கரைசலின் பி.எச். 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருப்பது நல்லது. அந்த இடைவெளியில்தான் பதினான்கு சத்துகளும் ஓரளவு கரைந்த நிலையில் கிடைக்கின்றன. பி.எச். ஏற ஏற, இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிக் கீழே இறங்குகிறது. பி.எச். ஒரு படி ஏறினால் ஃபெரிக் அயனியின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மாங்கனீசும் துத்தநாகமும் இப்படியே பிணங்கிக்கொள்ளும். பாஸ்பேட் கால்சியத்தோடு கைகோத்துப் படிந்துவிடும். மறுபுறம், 5க்கும் கீழே போனால் வேரின் நுனியே பாதிக்கப்படும். கால்சியம், மெக்னீசியம் உறிஞ்சுவதும் குறையும்.

என் பெட்டியின் கரைசலை அளந்தபோது பி.எச். 8.1 இருந்தது. அன்னபேதி துருவாகாமல் வேறு என்ன செய்யும்? வணிகத் தோட்டங்களில் இரும்பைக் கொடுக்கும்போது அதனைக் கொடுக்குபோல் பற்றிக்கொள்ளும் கரிமப் பொருளோடு சேர்த்துத் தருகிறார்கள். ஈ.டி.டி.ஏ. என்னும் பொருள் ஏறக்குறைய 6.5 வரை இரும்பைத் துருவாகாமல் காக்கும். டி.டி.பி.ஏ. ஏறக்குறைய 7.5 வரை. அதற்கும் மேலே தாங்கும் வகைகளும் உண்டு, விலைதான் கூடும்.

மண்ணில் இந்தத் தொல்லை இவ்வளவு வேகமாகத் தலைகாட்டாது. களிமண் துகளும் மக்கிய இலைதழையும் ஹைட்ரஜன் அயனிகளை வங்கிபோல் வாங்கி வைத்து, தேவைப்படும்போது திருப்பித் தரும். எனவே மண்ணின் பி.எச். மெல்ல மெல்லவே மாறும். காற்றில் தொங்கும் வேருக்கு அப்படி ஒரு வங்கி இல்லை. 20 லிட்டர் கரைசல் இருப்பதாகச் சொன்னேன். ஆனால் எந்த நேரத்திலும் வேரைத் தொட்டுக்கொண்டிருப்பது மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே. அடியில் தவறு நேர்ந்தால் அடுத்த தூவலிலேயே வேருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு துளி அமிலம் ஏன் போதவில்லை?

பி.எச். 8.1 என்றால் கொஞ்சம் அமிலம் சேர்த்து 6க்குக் கொண்டுவர வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். காகிதத்தில் கணக்கும் போட்டேன். பி.எச். 6 உள்ள 20 லிட்டர் தூய நீரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் 0.02 மில்லிமோல். அதற்கு அடர் கந்தக அமிலத்தில் ஒரு துளியின் நூறில் ஒரு பங்கு போதும்! ஆனால் எங்கள் கிணற்று நீரில் ஒரு துளி விட்டபோது பி.எச். அளவி அசையக்கூட இல்லை.

காரணம், கிணற்று நீர் தூய நீர் அன்று. அதில் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. தண்ணீர்ப் பானையின் உட்புறத்திலும் வெந்நீர்த் தவலையிலும் வெள்ளையாகப் படியுமே, அந்த உப்பின் மூலம் இதுதான். நாம் விடும் அமிலத்தை ஒவ்வொரு துளியாக இது விழுங்கிவிடும். விழுங்கிக் கரியமில வாயுவாக மாறும். பைகார்பனேட் தீரும்வரை பி.எச். பெரிதாக இறங்காது.

ஆகவே பி.எச். மட்டும் அளந்தால் போதாது. நீர் எவ்வளவு அமிலத்தை விழுங்கும் என்பதையும் அளக்க வேண்டும். இதற்குக் காரத்தன்மை என்று பெயர். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் துணையுடன் இதைச் செய்யலாம். 100 மில்லி லிட்டர் கிணற்று நீரில் இரண்டு துளி மெத்தில் ஆரஞ்சு விட்டு, பியூரெட்டிலிருந்து ஐம்பதில் ஒரு நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறும் இடத்தில் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மில்லி லிட்டருக்கும், கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 10 மில்லிகிராம் காரத்தன்மை. எங்கள் கிணற்று நீருக்கு 25 மில்லி லிட்டர் செலவாயிற்று. அதாவது லிட்டருக்கு 250 மில்லிகிராம், அல்லது 5 மில்லி சமானம்.

20 லிட்டருக்கு 100 மில்லி சமானம். தூய நீருக்குத் தேவைப்பட்ட 0.02 உடன் ஒப்பிடுங்கள்: ஐயாயிரம் மடங்கு! அடர் கந்தக அமிலமாகச் சொன்னால் ஏறக்குறைய 3 மில்லி லிட்டர்.

இதில் என்னை ஏமாற்றியது மற்றொன்று. முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக அமிலம் சேர்த்தவுடனேயே அளவி 6 காட்டிவிட்டது. மகிழ்ச்சியோடு படுக்கப் போனேன். காலையில் பார்த்தால் மீண்டும் 7.5க்கு மேல். நடந்தது இதுதான். உண்டான கரியமில வாயு உடனே வெளியேறாமல் சோடாவில் இருப்பதுபோல் நீரிலேயே கரைந்திருந்தது. அதன் புளிப்பால் அளவி 6 காட்டியது. இரவெல்லாம் பம்பு அந்த நீரைப் பனித்துளியாகத் தூவத் தூவ வாயு பறந்துவிட்டது. மிச்சமிருந்த பைகார்பனேட் மறுபடி தலைதூக்கியது. கரைசலைத் தொட்டியில் தேக்கி வைக்கும் முறைகளைவிட ஏரோபோனிக்ஸில் இது வெகு வேகமாக நடக்கும், ஏனெனில் நுண்துளிகளின் மொத்தப் பரப்பு மிக அதிகம். எனவே நீரைப் பக்குவப்படுத்துவதைப் பெட்டிக்கு வெளியே, ஒரு வாளியில் செய்து, ஓர் இரவு வைத்து, மறுநாள் திரும்ப அளந்து சரிசெய்த பிறகே உப்புகளைச் சேர்க்க வேண்டும்.

எந்த அமிலம்? பாஸ்பாரிக் அமிலம் பலருக்குப் பிடித்தது. அதிலுள்ள பாஸ்பரஸும் சத்துதானே என்பது வாதம். மென்மையான நீருக்கு அது சரி. எங்கள் நீருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிமோல் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தால் 155 மில்லிகிராம் பாஸ்பரஸ் சேர்ந்துவிடும். பாதிச் செறிவுக் கரைசலுக்கு வேண்டியது 15.5 மட்டுமே. பத்து மடங்கு! அந்த மிகையான பாஸ்பேட் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போட்டுவிடும். ஒரு நோயைத் தீர்க்கப் போய் அதே நோயை வேறு வழியில் வரவழைத்த கதை. பெரிய பசுங்கூடங்களில் இத்தகைய நீருக்கு நைட்ரிக் அமிலம் சேர்த்து, அதிலிருந்து வரும் நைட்ரஜனை உரக் கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விடலாம்; ஆனால் சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும். பி.எச். பழையபடி ஏறும், வேரில் பாசமும் பிடிக்கும்.

அடர் அமிலத்தை மாணவர்கள் தனியே கையாளவே கூடாது. ஆசிரியர் முன்னிலையில்கூட, நீரில் அமிலத்தை விட வேண்டும். அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

கடைசியில் நான் அமிலத்தை நாடவில்லை. எங்கள் மாடியிலேயே விடை இருந்தது. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டபின் வீடுதோறும் குழாய்கள் வந்தன. மழைநீரில் பைகார்பனேட் மிகமிகக் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயுவால் அதன் பி.எச். இயல்பாகவே 5.6 அளவில் இருக்கும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை. பத்துச் சதுர மீட்டர் மாடியில் விழுவது 14,000 லிட்டர்! அதில் இரண்டு பீப்பாய் பிடித்து வைத்தால் இந்தப் பெட்டிக்குப் பல மாதம் வரும். நான்கு பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் கலந்தேன். காரத்தன்மை ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. உட்வர்டின் புதினாவுக்குப் போதாமற்போன அதே மழைநீர், உப்புகளைச் சேர்த்தபோது மிக நல்ல நீராயிற்று.

வேர் நடத்தும் பண்டமாற்று

நீரைச் சரிசெய்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. செடியே பி.எச்.சை மாற்றும்.

வேர் உறிஞ்சுபவை அயனிகள், மின்னூட்டம் பெற்றவை. எதிர்மின்னூட்டம் கொண்ட நைட்ரேட்டை உள்ளே எடுத்தால் அதற்கு ஈடாக வேரிலிருந்து ஹைட்ராக்சில் அல்லது பைகார்பனேட் அயனி வெளியே வர வேண்டும். கடையில் பொருளை வாங்கிக் காசைக் கொடுப்பதுபோல. ஆகவே நைட்ரேட் மட்டும் உண்ணும் செடியைச் சுற்றிப் பி.எச். நாளுக்கு நாள் ஏறும். நேர்மின்னூட்டம் கொண்ட அம்மோனியத்தை எடுத்தாலோ ஹைட்ரஜன் அயனி வெளியேறும், பி.எச். இறங்கும். இரண்டையும் அளவாகச் சேர்த்தால் ஒன்றின் விளைவை மற்றொன்று ஈடுகட்டும். மொத்த நைட்ரஜனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அம்மோனியமாகக் கொடுத்தால் பி.எச். ஏறுவது நன்கு மட்டுப்படும். அதிகம் போட்டால் ஆபத்து. அம்மோனியம் மிகுந்தால் கால்சியம் நுழையாது. வேரும் நஞ்சுண்டதுபோல் பழுக்கும்.

அடுத்து, கரைசலில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள மின்கடத்துத் திறனை அளக்கிறோம். பாதிச் செறிவு ஹோக்லண்டு கரைசலுக்கு இது செண்டிமீட்டருக்கு ஒரு மில்லிசீமன்ஸ் அளவில் இருக்கும். இந்த எண்ணை நான் அரைகுறையாகவே நம்புவேன். எத்தனை பேர் வண்டியில் இருக்கிறார்கள் என்று அது சொல்லும். யார் யார் என்று சொல்லாது. சாந்தோம் பக்கம் கடலை நெருங்கிய கிணறுகளில் நீர் உப்பாக இருப்பதுண்டு. அந்த நீரை ஊற்றினால் சோடியமும் குளோரைடுமே அளவியை ஏற்றிவிடும். எண் நிறைவாகத் தெரியும். செடிக்கு உணவு இராது. பத்து நாளுக்கொருமுறை கரைசலை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது என்று சொல்வது இதனால்தான். உண்ணப்படாத உப்புகள் சேர்ந்து சேர்ந்து விகிதம் கெட்டிருக்கும். வடித்த கரைசலைச் சாக்கடையில் விடாமல் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள்.

நீலகிரியின் கிழங்கு

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு தொட்டியில் மண் போட்டுக் கீரை விதைத்தால் முளைக்காதா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். கீரைக்காக மட்டும் என்றால் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் மண்ணே பகையாகிவிட்ட இடங்களும் உண்டு. அதற்கு நாம் நீலகிரிக்குப் போக வேண்டும்.

உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் 1957 முதல் இயங்கிவருகிறது. 1961இல் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்னும் அறிஞர் உதகைப் பகுதியில் உருளைக்கிழங்கு வேர்களில் கடுகைவிடச் சிறிய உருண்டைகளைக் கண்டார். அவை முட்டைக்கூடு நூற்புழுக்கள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளைக்கிழங்கே பயிரிடாவிட்டாலும் அவை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டவுடன் விழித்துக்கொள்ளும். கிழங்கில் ஒட்டிய சிறிது மண் போதும், அடுத்த மாவட்டத்துக்குப் பரவிவிடும். அதனால் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குத் தடை வந்தது. 2018இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்டம், ஜம்மு காஷ்மீர் ஆகிய பகுதிகளின் விதைக்கிழங்குக்கும் இதே காரணத்தால் தடை விதிக்கப்பட்டது. விதை விற்றுப் பிழைத்த உழவனுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பதை எண்ணிப் பாருங்கள்.

மண்ணைத் தொடாமலே பிறந்த கிழங்கில் நூற்புழு எப்படி இருக்கும்? சிம்லாவில் உள்ள அதே ஆராய்ச்சி நிறுவனம் ஏரோபோனிக்ஸ் முறையில் நோயற்ற விதைக்கிழங்கு உண்டாக்கும் தொழில்நுட்பத்தை வகுத்தது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச அரசுக்கு அதைப் பயன்படுத்தும் உரிமமும் வழங்கப்பட்டது. திசு வளர்ப்பில் உண்டான சிறு செடிகளை இருட்டுப் பெட்டியின்மேல் நட்டு, வேருக்குக் கரைசலைத் தூவுகிறார்கள். கிழங்குகள் காற்றில் தொங்கியபடியே பருக்கின்றன. மூடியைத் திறந்து, வேண்டிய பருமனுக்கு வந்தவற்றை மட்டும் பறித்துவிட்டு மற்றவற்றை வளர விடலாம். மண்ணில் ஒரு செடி ஐந்து முதல் பத்துச் சிறு கிழங்கு தரும் இடத்தில், இம்முறையில் முப்பதுக்கு மேலும் கிடைக்கின்றன.

இங்கேதான் சத்துச் சமநிலை நுட்பமான கருவியாகிறது. நைட்ரஜன் தாராளமாக இருக்கும்வரை உருளைக்கிழங்குச் செடி இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். கிழங்கு வைக்க மனம் வராது. செடி போதிய அளவு வளர்ந்த பிறகு நைட்ரஜனைக் குறைத்தால் கிழங்கு தோன்றுகிறது. கரைசலின் பி.எச்.சைச் சிறிது நேரம் 3.5க்கு இறக்கிப் பிறகு 5.5க்கே திருப்பினால் கிழங்கு தோன்றுவதாக 1994இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். நம் பாலக்கீரையிடம் இதைச் செய்துபார்க்க வேண்டாம்!

சென்னை வெயிலில் இந்தக் கிழங்கு வராது. இரவில் குளிர் வேண்டும். என் பெட்டியில் கீரையும் புதினாவுமே.

வீட்டில் செய்து பாருங்கள்

பி.எச். அளவி இல்லாதவர்கள் வடக்கு மாட வீதிப் பூக்கடையில் கிடைக்கும் நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊற வையுங்கள். அந்த நீல நீரில் எலுமிச்சைச் சாறு, மழைநீர், கிணற்று நீர், சுண்ணாம்புத் தெளிவு ஆகியவற்றைத் தனித்தனியே சேர்த்துப் பாருங்கள். புளிப்பு மிகுந்தால் ஊதாவும் இளஞ்சிவப்பும், காரம் மிகுந்தால் பச்சையும் வரும். ஆனால் நமக்கு வேண்டிய 5.5க்கும் 6.5க்கும் இடையே இந்தப் பூவின் நிறம் தெளிவாக மாறாது. மஞ்சளோ 8ஐத் தாண்டிய பிறகே சிவக்கும். எனவே கரைசலைப் பராமரிக்க நிறங்காட்டித் தாளோ, புரோமோகிரசால் பர்ப்பிள் என்னும் நிறங்காட்டியோ வேண்டும். பின்னது 5.2இல் மஞ்சளாகவும் 6.8இல் ஊதாவாகவும் இருக்கும். அளவி வைத்திருப்பவர்கள் 4, 7 என்னும் இரண்டு தாங்கல் கரைசல்களில் அதை அடிக்கடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லும் அளவி, அளவி இல்லாததைவிட மோசம்.

என் குறிப்பேட்டிலிருந்து ஒரு மே மாத வாரத்தைக் கீழே தருகிறேன். விடை காண வேண்டியவை எல்லாம் இக்கட்டுரையிலேயே இருக்கின்றன.

திங்கட்கிழமை: கரைசல் 20 லிட்டர், பி.எச். 5.8, மின்கடத்துத் திறன் 1.1. வியாழக்கிழமை: கரைசல் 16 லிட்டர், பி.எச். 6.4, மின்கடத்துத் திறன் 1.2.

செடிகள் உப்பே உண்ணாமல் நீரை மட்டும் குடித்திருந்தால் வியாழனன்று மின்கடத்துத் திறன் எவ்வளவு இருந்திருக்கும்? அப்படியானால் தோராயமாக எத்தனை பங்கு உப்பை உண்டிருக்கின்றன? பி.எச். ஏன் ஏறியது? குறைந்த 4 லிட்டருக்குப் பதிலாக வெறும் மழைநீரை ஊற்றுவீர்களா, பாதிச் செறிவுக் கரைசலை ஊற்றுவீர்களா, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றையா?